செட்டிநாட்டு மேடையில் கீபோர்டு: கட்டை முதல் கரண்ட் வரை

காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பங்குனித் திருவிழா. இரவு ஒன்பது மணி இருக்கும். பாடகி சரணத்தின் நடுவில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் எழுந்தது, விளக்கு வந்தது, மைக் வந்தது. கீபோர்டும் கண் விழித்தது, நானும் விட்ட இடத்தில் பிடித்தேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அணைந்து எழுந்ததில் டிரான்ஸ்போஸ், அதாவது விரலிடம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி, பூஜ்யத்துக்குப் போயிருந்தது. பாடகி ஐந்து கட்டைச் சுருதியில் பாட, நான் ஒரு கட்டையில் வாசித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஓர் ஆச்சி காதைப் பொத்திக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று என் விரலில் ஒரு தப்பும் இல்லை. ஏற்பாட்டில்தான் தப்பு. இந்த வழிகாட்டியில் விரல் பயிற்சி பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஓரளவு வாசிக்கத் தெரிந்து, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் வட்டாரத்தில் இதைத் தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கு, மேடை ஏறும் முன் செய்ய வேண்டியதைத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வேலைக்குப் போகிறீர்கள்?

இங்கே கீபோர்டுக்காரருக்கு வரும் வேலைகள் நாலைந்து வகை. மெல்லிசைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு, இசை நாடகம், பள்ளி ஆண்டு விழா, அப்புறம் ஊர்த் தெய்வத்துக்குப் பாட்டு ரெக்கார்டிங். மாசி முதல் வைகாசி வரை மூச்சு விட நேரம் இருக்காது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கைக்காசைத்தான் தின்ன வேண்டும். ரெக்கார்டிங்கையும் வகுப்பு எடுப்பதையும் அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் வாசிப்பு வேறு. மெல்லிசையில் கேசட்டில் உள்ளதுபோலவே வர வேண்டும், இடையிசையில் ஒரு புல்லாங்குழல் பிட் தவறினால் கூட்டம் முகம் சுளிக்கும். இசை நாடகம் நேர் எதிர். அங்கே ஆர்மோனியம் இருந்த இடத்தில்தான் நாம் உட்காருகிறோம், நடிகர் எந்த வரியை எத்தனை முறை திருப்பிப் பாடுவார் என்று அவருக்கே தெரியாது. முதல் நாடகத்தில் என் வேகத்தையெல்லாம் காட்டினேன். இடைவேளையில் ராஜபார்ட் நடிகர், அதாவது கதாநாயக வேடக்காரர், பக்கத்தில் வந்து, "தம்பி, பத்து விரலையும் வச்சு அமுக்குறீக. நான் எங்க நிக்கிறது?" என்றார். "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, மீதி இரவு முழுக்க ஸட்ஜமும் பஞ்சமும் பிடித்து, அவர் வரி முடிக்கும் இடத்தில் மட்டும் அதைத் திருப்பி வாசித்தேன். அடுத்த நாடகத்துக்கு அவரே கூப்பிட்டார்.

கல்யாணத்தில் ஒரு நடைமுறை உண்டு. செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணத்தில் சடங்கு நேரம் நாதஸ்வரத்துக்கு உரியது. வரவேற்பில்தான் நம் வேலை. கெட்டிமேளம் கொட்டும்போது கீபோர்டில் விரல் இருக்கவே கூடாது.

இரண்டாம் படி: பெட்டி வாங்குவது

கடைக்காரர் முதலில் சொல்வது எத்தனை டோன் (வாத்தியக் குரல்), எத்தனை ஸ்டைல் (தானாக ஓடும் தாளம்) என்பது. அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு கச்சேரியில் உண்மையில் புழங்குவது இருபது டோன்தான். தாள ஸ்டைலோடு வரும் அரேஞ்சர் கீபோர்டு தனியாளாக வாசிக்கிறவருக்கு உதவும். தபலா, பேட், டிரம்ஸ் உள்ள குழுவில் ஸ்டைல் தேவையே இல்லை, அங்கே சிந்தசைசர் போதும். ரோலண்டு எக்ஸ்பிஎஸ்-10 போன்றவை நம் பக்க மேடைகளில் அடிக்கடி கண்ணில் படுவதற்கு, இந்திய டோன்கள் உள்ளேயே இருப்பதும் தோளில் தூக்கிப்போகும் எடையும் காரணம். லேப்டாப்பும் மிடி கண்ட்ரோலரும் (தானாகச் சத்தம் தராமல் லேப்டாப்பை இயக்கும் கட்டைப் பலகை) மட்டும் வைத்து மேடை ஏறுவதை முதல் இரண்டு வருடம் தவிர்க்கச் சொல்வேன்.

பழையது வாங்கினால் மூன்றைப் பாருங்கள். எல்லாக் கட்டையையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை அழுத்துங்கள். எதிலாவது மெதுவாக அழுத்தினாலும் சத்தம் ஓங்கி வந்தால், உள்ளே ரப்பர் காண்டாக்ட் அழுக்காகியிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். பிட்ச் வீலைத் தள்ளிவிட்டு விடுங்கள், ஸ்வரம் சரியாக நடுவுக்கு வர வேண்டும். அடாப்டர் அந்தப் பெட்டிக்கே உரியதா என்று கேளுங்கள். வோல்ட் ஒன்றாக இருந்தாலும், நடுமுனை சில பெட்டிக்குப் பாசிட்டிவ், சிலதற்கு நெகட்டிவ். பின் சரியாக நுழைகிறதே என்று மாட்டினால் பெட்டி போய்விடலாம்.

மூன்றாம் படி: கட்டைக் கணக்கு

இதில் தடுமாறினால் வேறு எதுவும் காப்பாற்றாது. வெள்ளைக் கட்டைகளில் சி ஒன்று, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்பு இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. யாராவது மூன்றரை என்று கேட்டால் சிரிக்காமல், எஃப்-ஐ வாசித்துக் காட்டி "இதாங்களா?" என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் "ஒரு கட்டை இறக்குங்க" என்பது. கறுப்பையும் சேர்த்து ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்தான் அரைச்சுரம். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கினால் இரண்டு அரைச்சுரம் இறங்கும். நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் ஒரே ஓர் அரைச்சுரம்தான். இரண்டையும் ஒரு கட்டை என்றுதான் பேச்சில் சொல்கிறோம். ஆகவே எண்ணை நம்பாமல், பாடுகிறவருக்குச் சுருதியைப் பிடித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டையில் பழகிய பாட்டை ஐந்தில் வாசிக்க டிரான்ஸ்போஸை ஏழு ஏற்றலாம், ஐந்து இறக்கவும் செய்யலாம். நான் இறக்குவேன். ஏற்றினால் தந்தி வாத்தியங்களும் குழலும் கீச்சென்று மெலிந்துவிடுகின்றன. ஆனால் டிரான்ஸ்போஸையே ஊன்றுகோலாக வைத்துக்கொண்டால் என் பங்குனி இரவு உங்களுக்கும் வரும். நாலு, நாலரை, ஐந்து, ஐந்தரைக் கட்டைகளில் சங்கராபரணம், கல்யாணி, கரகரப்பிரியா, நடபைரவி நான்கையும் டிரான்ஸ்போஸ் இல்லாமல் ஏற்றி இறக்கப் பழகுங்கள். பெரும்பாலான சினிமாப் பாட்டு இந்த நான்கு ராகங்களையோ இவற்றிலிருந்து பிறந்த பிள்ளை ராகங்களையோ சுற்றித்தான் ஓடுகிறது.

நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னால் மாஸ்டர் டியூனிங், அதாவது பெட்டி முழுவதின் சுருதியை நூலளவு நகர்த்தும் வசதி, தேவைப்படும். கீபோர்டு ஏ 440 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும், ஊதும் வாத்தியம் சூடேறச் சூடேற மேலே போகும். 442-க்கு ஏற்றினால் கிட்டத்தட்ட எட்டு சென்ட் ஏறும், அரைச்சுரத்தில் நூறில் எட்டுப் பங்கு. அவரைச் சீவாளியை மாற்றச் சொல்வதைவிட நாம் பொத்தானை அழுத்துவது சுலபம்.

நான்காம் படி: பதிவில் ஏற்றி வைப்பது

அந்தப் பங்குனி இரவுக்கு மருந்து இதுதான். டோன், ஸ்பிளிட் (இடப்பக்கம் ஒரு டோன், வலப்பக்கம் ஒரு டோன் என்று பிரிப்பது), வால்யூம், டிரான்ஸ்போஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொத்தானில் சேமிக்கும் வசதி பல கீபோர்டுகளில் உண்டு. யமஹாவில் ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள், மற்றவற்றில் பெர்பார்மன்ஸ் என்றோ வேறு பெயரிலோ இருக்கும். உங்கள் பெட்டி டிரான்ஸ்போஸையும் அதில் சேமிக்கிறதா என்று வீட்டிலேயே அணைத்து எழுப்பிப் பாருங்கள். சேமிக்காவிட்டால், அந்த எண்ணைத் துணி டேப்பில் எழுதி திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஹெட்போனில் வால்யூம் சமன் செய்தால் மேடையில் ஏமாறுவீர்கள். ஸ்டிரிங்ஸ் ஹெட்போனில் நிறைவாகக் கேட்கும், பாக்ஸில் காணாமல் போகும். பெல் டோனும் பித்தளை வாத்தியங்களும் காதைக் கிழிக்கும். ஒரு ஸ்பீக்கரில் ஓங்கி வைத்து, ஒரே வரியை எல்லா டோனிலும் வாசித்துச் சமன் செய்துவிட்டுச் சேமியுங்கள். பாட்டுகளை அகர வரிசையில் அடுக்காமல், கச்சேரி வரிசையில் அடுக்குங்கள்.

ஐந்தாம் படி: இடது கை

நம் இசைக்குக் கீபோர்டு பிறந்ததே இல்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற இடத்தில்தான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வாழ்கிறது, அங்கே போக நமக்கு இருக்கும் ஒரே வழி ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் வீல். யமஹாவில் சக்கரம், ரோலண்டில் பக்கவாட்டில் நகரும் லீவர், கோர்க்கில் ஜாய்ஸ்டிக். எதுவானாலும் இடது கையின் வேலை கார்டு பிடிப்பது மட்டும் என்று நினைத்தால், உங்கள் புல்லாங்குழல் எப்போதும் பிளாஸ்டிக் குழலாகவே கேட்கும்.

வீல் எவ்வளவு வளைக்கலாம் என்ற பெண்ட் ரேஞ்சை இரண்டு அரைச்சுரத்தில் வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் வரும்போதே அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டில் வைத்தால் நீளமாக இழுக்க ஜோராக இருக்கும், ஆனால் விரல் இம்மி அசைந்தாலும் ஸ்வரம் ஓடிவிடும்.

இப்போது மோகனம் எடுத்துக்கொள்ளுங்கள், சி-யை ஸட்ஜமாக வைத்து. வீலை முழுக்கக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு, காந்தாரத்தை, அதாவது ஈ-யை அழுத்துங்கள். காதில் விழுவது ரிஷபம், இரண்டு அரைச்சுரம் கீழே இருக்கிறீர்கள் அல்லவா. அங்கிருந்து வீலை மெதுவாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ரி-யிலிருந்து க-வுக்கு வழுக்கிப் போகும் ஒரு ஜாரு வந்துவிட்டது. வீலைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் இழுக்கிற வேகத்துக்கு விட்டால் ஸ்வரம் தவளை மாதிரித் துள்ளும். கட்டைவிரலால் பிடித்துக் கொண்டுவந்து விட வேண்டும். ஏற்றம் வந்த பிறகு இறக்கம், அதன் பிறகு அசைவு. தோடியின் காந்தாரம் வர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, இன்றைக்கும் பாடகர் பாடும்போது அதில் நான் மேலே விழுவதில்லை.

இன்னும் இரண்டு. குழல், வயலின், நாதஸ்வர டோன்களை மோனோ முறையில் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்), லெகாட்டோவோடு (இடைவெளி இல்லாமல் ஒட்டி) வையுங்கள், ஒரு விரல் எடுக்கும் முன் அடுத்தது விழுந்தால் ஸ்வரம் ஒட்டிக்கொண்டு போகும். ஸ்பிளிட்டில் இடப்பக்கம் ஸ்டிரிங்ஸ் கார்டு இருந்தால், வீல் வலப்பக்க டோனை மட்டும் வளைக்கும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் குழல் வளையும்போது கார்டும் சேர்ந்து வளைந்து, கேட்பவருக்குத் தலை சுற்றும்.

குழல் டோனில் விரலை எவ்வளவு ஓங்கினாலும் ஊதுகிற மூச்சு வராது. அதற்கு எக்ஸ்பிரஷன் பெடல். மிடியில், அதாவது பெட்டிகள் பேசிக்கொள்ளும் மொழியில், அதன் கட்டுப்பாட்டு எண் சிசி 11. காலால் ஏற்றி இறக்கினால் மூச்சு வந்துவிடும். ஸ்வரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடல் சிசி 64. அதில் ஒரு வினோதம் உண்டு. பல கீபோர்டுகள் பெடலின் போலாரிட்டியை ஆன் செய்யும் நொடியில்தான் கண்டுபிடிக்கின்றன. அந்த நொடியில் உங்கள் கால் பெடல்மேல் இருந்தால் எல்லாம் தலைகீழ், மிதித்தால் சத்தம் அறும், எடுத்தால் நீளும். அணைத்துவிட்டு, காலை எடுத்துக்கொண்டு மறுபடி ஆன் செய்தால் சரியாகும்.

ஆறாம் படி: மேடையும் கரண்டும்

மைக்செட்காரரோடு சிநேகமாக இருங்கள். கச்சேரியில் உங்கள் சத்தம் அவர் கையில்தான் இருக்கிறது.

கீபோர்டில் இரண்டு அவுட்புட் இருந்து, பந்தலில் ஒரு வயர்தான் கிடைக்கும் என்றால், லெஃப்ட் அல்லது மோனோ என்று எழுதியிருக்கும் துளையில் மாட்டுங்கள். ரைட்டில் மட்டும் மாட்டினால் பாதிச் சத்தம் வயருக்கு வராது. சின்னக் கீபோர்டுகளில் ஹெட்போன் துளை ஒன்றுதான் இருக்கும். அதிலிருந்து ஸ்டீரியோ வயரை நேராக மிக்ஸரின் பேலன்ஸ்டு துளையில் மாட்டிவிடுகிறார்கள். மிக்ஸர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்துவிடும், நடுவில் உள்ள சத்தமெல்லாம் மாயமாகும். பேஸ் போய்விட்டது, பெட்டி கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் ஒன்று பையில் இருந்தால் தீர்ந்தது.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் தனிக் கதை. லேப்டாப் இருந்தால் முதலில் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான், கச்சேரி முடியும் வரை பேட்டரியில் ஓட்டலாம். நிற்காவிட்டால், கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் (சத்தத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்து, அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள், ஆடியோ வயரின் எர்த் தொடர்பு மட்டும் அறும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துகிற வைத்தியத்தை மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். ஈரத் தரையில் மைக் பிடித்து நிற்பவரின் உயிர் அது. சீரியல் செட் வயரோடு சேர்த்து நம் ஆடியோ வயரைக் கட்டவும் விடாதீர்கள்.

சின்ன யூபிஎஸ் ஒன்று கையோடு எடுத்துப் போங்கள். சிறிய கீபோர்டு பெரும்பாலும் 20 வாட்டைத் தாண்டாது, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சாதாரண யூபிஎஸ்ஸே ஜெனரேட்டர் எழும் வரை தாராளமாகத் தாங்கும். பங்குனிக்குப் பிறகு நான் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

செம்மண் தூசி, தை மாதப் பனி, ஹாலஜன் விளக்குக்கு வரும் ஈசல், மூன்றுக்கும் ஒரே பாதுகாப்பு பழைய பருத்தி வேட்டி. வாசிக்காத நேரமெல்லாம் மூடி வையுங்கள்.

வளவு, அதாவது நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும், உள்ள பெரிய வீட்டில் கச்சேரி என்றால், கீபோர்டுக்குள் இருக்கும் ரிவர்பை (செயற்கை எதிரொலியை) முழுக்க எடுத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி போல வழவழக்கும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், நாலு பக்கமும் தூண். வீடே போதுமான எதிரொலி தரும். வேகமான பாட்டில் ஸ்டிரிங்ஸை நீட்டாமல் வெட்டி வெட்டி வாசியுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அனுமதி வாங்குவது விழாக் கமிட்டியின் வேலை, வாங்கினார்களா என்று கேட்பது நம் வேலை.

ஏழாம் படி: வீட்டில் ரெக்கார்டிங்

1940-களில் ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக்குப் போவதற்கு முன் காரைக்குடியில்தான் இருந்தது. இன்று ஒரு லேப்டாப், மைக்கையும் கீபோர்டையும் அதில் இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸ், ஒரு மைக் இருந்தால் ஊர்த் தெய்வத்தின் பாட்டை வீட்டிலேயே முடித்து, காப்புக் கட்டும் நாளுக்குள் பென் டிரைவில் கொடுத்துவிடலாம்.

கீபோர்டை யூஎஸ்பி வயரால் லேப்டாப்பில் மாட்டினால் போவது சத்தம் அல்ல, மிடிச் செய்தி: எந்தக் கட்டை, எவ்வளவு ஓங்கி, எப்போது எடுத்தது. வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள் பேசிக்கொள்ள 1983-ல் வந்த அந்த ஏற்பாடுதான் இன்னும் ஓடுகிறது. அதனால் வாசித்த பிறகும் டோனை மாற்றலாம், தப்பான ஸ்வரத்தைத் திருத்தலாம். மிடியையும் ஆடியோவையும் இரண்டையுமே பதிந்து வையுங்கள்.

அழுத்தியதும் சத்தம் தாமதமாக வந்தால், லேப்டாப் ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித் துணுக்கின் அளவான பஃபரைக் குறையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 என்றால் சுமார் 11.6 மில்லி விநாடி, 128 என்றால் 2.9. வாசிக்கும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024. விண்டோஸில் இன்டர்பேஸோடு வரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் மென்பொருளை, போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு வீடியோவுக்குப் போகிறது என்றால் ஆரம்பத்திலேயே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குரலை வளவில் பதியாதீர்கள். பஞ்சு மெத்தையும் துணிமணியும் அடைந்த அறைதான் சிறந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள், வியர்க்கத்தான் செய்யும்.

உறுமிக்கும் பறைக்கும் சாம்பிள் கிடைக்கிறது. பறையை ஓரளவு ஒப்பேற்றலாம். உறுமியை முடியாது, தோலில் குச்சி உராய்ந்து எழும் அந்த முனகலை எந்தக் கட்டையும் தராது. வாசிக்கிறவர் அடுத்த ஊரில் இருக்கிறார். கூப்பிட்டு, கிளிக் சத்தத்தை ஹெட்போனில் கொடுத்து, ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பணம் கொடுங்கள். கமிட்டிக்காரர்கள் முதல் தட்டிலேயே வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

சினிமாப் பாட்டை வாசித்து இணையத்தில் ஏற்றினால் உரிமையாளர் கோரிக்கை வரலாம். கல்யாணத்தில் வாசிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டு ஓட்டலில் நடத்தும் நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது, உரிமம் வாங்கினார்களா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள்.

கடைசிப் படி: காசும் நோட்டும்

வெற்றிலை பாக்கில் வைத்து அட்வான்ஸ் கொடுக்கும்போதே நாலு விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்: எத்தனை மணி நேரம், வண்டி யாருடையது, மைக்செட் யாருடையது, பாக்கி எப்போது. பாக்கியைக் கடைசிப் பாட்டுக்கு முன் வாங்க வேண்டும். மங்களம் பாடிய பிறகு கமிட்டிப் பொருளாளரைத் தேடினால் அவர் சாமி ஊர்வலத்தோடு அடுத்த தெருவில் இருப்பார்.

திரும்பி வந்து, பெட்டியில் ஒட்டிய செம்மண்ணை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, தூங்கும் முன் நோட்டில் எழுதுங்கள்: எந்தப் பாட்டு, யார் பாடினார், எத்தனை கட்டை, எந்தப் பதிவு எண். என் நோட்டில் அந்தப் பாடகியின் பெயருக்கு எதிரே ஐந்து என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் "யூபிஎஸ்" என்று எழுதியிருக்கிறேன். அவர் இப்போது நாலரையில்தான் பாடுகிறார், போன மாசித் திருவிழாவில் அதையும் திருத்திக்கொண்டேன்.